ஹாலில் மாட்டியிருக்கும் படம் யாருடையது? அல்ஃபோன்ஸ் முகா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் ஒன்று, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒன்று என்று அல்ஃபோன்ஸ் முகா என்ற ஓவியர் வரைந்த இரண்டு படங்கள் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இனிமேல் யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைத்தது இது. கேள்விகள் எல்லாம் உண்மையாகவே கேட்கப்பட்டவை.

ராசிச் சக்கரம் போட்டிருக்கிறதே, இது சாமி படமா?

இல்லை, காலண்டர். பாரிஸில் இருந்த சாம்பெனுவா என்ற அச்சகம் 1897ஆம் வருடத்துக்காக 1896லேயே போட்டது. ஒரு பெண் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, தலையிலும் கழுத்திலும் நகை போட்டு, ராணி மாதிரி நிற்கிறாள். தலைக்குப் பின்னால் பெரிய வட்டம், அதற்குள் பன்னிரண்டு ராசிகளும். நம் கண்ணுக்கு அது திருவாசியாகத் தெரிவதில் தப்பே இல்லை. வரைந்தவர் சின்ன வயதில் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த பையன்; புனிதர்களின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். அதே வட்டத்தைத்தான் நடிகைக்கும் போட்டார், பிஸ்கட் விளம்பரத்துக்கும் போட்டார்.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்தக் காலண்டர் பிடித்துப்போய் 'லா ப்ளூம்' என்ற பத்திரிகை உரிமை வாங்கி அச்சடித்தது, அப்புறம் வேறு வேறு விளம்பரதாரர்களுக்காக மறுபடி மறுபடி அச்சாகி, குறைந்தது ஒன்பது விதமாக வந்திருக்கிறது. மேலே படம் அப்படியே இருக்கும், கீழே கட்டத்துக்குள் இருக்கும் பெயர் மட்டும் மாறும். சிவகாசிக் காலண்டரில் ஒரே முருகன் ஜவுளிக்கடைக்கும் அரிசி மண்டிக்கும் நகைக்கடைக்கும் வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மாடிப்படி பக்கம் இருக்கிறவள் கையில் என்ன, ஊதுபத்தியா?

என் பெரியம்மா கேட்டது. சிகரெட் என்று சொன்னதும் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்ணை மூடிக்கிட்டு இருக்காளே, பாவம்" என்றார். இன்றுவரை அந்தப் படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்லை.

அது 1896ல் வந்த 'ஜாப்' விளம்பரம். சிகரெட் சுற்றும் மெல்லிய தாளின் பெயர் ஜாப். ஆரம்பித்தவர் ஜான் பார்தூ; அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டுக்கும் (J, B) நடுவில் ஒரு வைரக்கட்டம் போட்டிருந்தார், ஜனங்கள் அதை 'ஓ' என்று படித்து ஜாப் ஆக்கிவிட்டார்கள். படத்தில் அந்த எழுத்து அவள் தலைக்குப் பின்னால் பெரிதாக இருக்கிறது, பின்னணிக் கோலத்திலும் சின்னச் சின்னதாகக் கலந்து கிடக்கிறது, ஆனால் தாளைக் காணோம், பெட்டியைக் காணோம், விலையைக் காணோம். புகை சுருள்கிறது, கூந்தல் அதோடு போட்டி போட்டுக்கொண்டு சுருண்டு சட்டத்தைத் தாண்டி வெளியே வருகிறது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண் பலர் பார்க்கப் புகைப்பது வழக்கமில்லை. அதனால்தான் சுவரில் பார்த்தவர்கள் நின்று பார்த்திருப்பார்கள்.

பெயரை எப்படிச் சொல்வது? முச்சாவா, மூஷாவா?

முகா. 'பகல்' என்று சொல்லும்போது 'க' எப்படி வருகிறதோ, கிட்டத்தட்ட அப்படி. இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் 'ச்சா' என்று வாய் போகும், பிரெஞ்சுக்காரர்கள் 'ஷா' என்பார்கள். செக் மொழிக்காரர் பெயருக்குத் தமிழ் எழுத்து இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

எந்த ஊர்க்காரர்? எங்கே படித்தார்?

இன்றைய செக் குடியரசின் மொராவியாப் பகுதியில் இவான்சிட்செ என்ற சின்ன ஊர். 1860 ஜூலை 24ல் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசுக்குக் கீழே இருந்தது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்காகும். அப்பா நீதிமன்றத்தில் சேவகர். பையனுக்குக் குரல் நன்றாக இருந்ததால் பிர்னோ நகரத் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்து, அதன் மூலம் பள்ளிப் படிப்பு கிடைத்தது. பதினெட்டு வயதில் பிராக் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். எடுக்கவில்லை, வேறு ஏதாவது தொழில் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள் என்பார்கள்.

சரி என்று வியன்னா போய், நாடக மேடைகளுக்குத் திரைச்சீலை, காட்சி எல்லாம் எழுதிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1881 டிசம்பரில் ரிங் தியேட்டர் எரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த தியேட்டர்தான் கம்பெனிக்குப் பெரிய வாடிக்கை. ஆளைக் குறைத்தார்கள், இவர் வேலையும் போயிற்று. கையில் இருந்த காசு எவ்வளவு தூரத்துக்கு வருமோ அவ்வளவு தூரத்துக்கு ரயில் டிக்கெட் வாங்கி, மிகுலோவ் என்ற ஊரில் இறங்கினாராம். அங்கே ஊர்க்காரர்களை உருவப்படம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தபோது கூன் பெலாஸி என்ற பிரபுவின் கண்ணில் பட்டார். அரண்மனைச் சுவர்களுக்கு ஓவியம் எழுதச் சொன்ன பிரபு, வேலை பிடித்துப்போய் ம்யூனிக்குக்கும் அப்புறம் பாரிஸுக்கும் தன் செலவில் படிக்க அனுப்பினார்.

1889ல் பிரபு பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். இவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது, பருப்பும் அவரைக்கொட்டையும் சாப்பிட்டு நாளைக் கடத்திக்கொண்டு பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் படம் வரைந்தார். தாஹிதித் தீவிலிருந்து திரும்பி வந்த பிரெஞ்சு ஓவியர் கோகான் 1893ல் கொஞ்ச நாள் இவர் அறையில் தங்கி வேலை செய்தார். முகாவின் ஆர்மோனியத்தை கோகான் கால்சட்டை இல்லாமல் உட்கார்ந்து வாசிக்கும் புகைப்படம் ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள்.

ஒரே ராத்திரியில் புகழ் வந்தது என்கிறார்களே, உண்மையா?

கதை இதுதான். 1894 டிசம்பர் 26. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், பாரிஸில் ஓவியன் என்று பெயருள்ள அத்தனை பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். லெமெர்சியே அச்சகத்தில் நண்பர் ஒருவருக்குப் பதிலாக முகா புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரா பெர்னார் என்ற நடிகையிடமிருந்து மேனேஜருக்கு ஆள்வழித் தகவல் இல்லை, நேரே போன். 'ஜிஸ்மோண்டா' நாடகத்துக்குப் புதுப் போஸ்டர் வேண்டும், ஜனவரி 1 காலையில் அது சுவரில் இருக்க வேண்டும். பெர்னார் அப்போது ஐம்பது வயதிலும் ஐரோப்பாவையே கட்டி வைத்திருந்த நடிகை, முடியாது என்று சொல்ல முடியாது. மேனேஜர் சுற்றிப் பார்த்தால் கையில் இருந்தது முகா மட்டும்தான்.

வரைந்து கொடுத்ததைப் பார்த்து மேனேஜருக்கே வயிற்றைக் கலக்கியதாம். ஏனென்றால் அன்றைய போஸ்டர் என்றால் ஷெரே, லோத்ரெக் என்ற பாரிஸ் ஓவியர்களின் பாணி: சிவப்பு, மஞ்சள், ஆட்டம், கூச்சல். இது ஆள் உயரம், இரண்டு மீட்டருக்கு மேல், அகலம் முக்கால் மீட்டர்கூட இல்லை. வெளிறிய பொன்னும் பச்சையும். தலையில் ஆர்க்கிட் பூ, கையில் குருத்தோலை, பைசாந்தியத் தேவாலயத்தில் இருப்பது போல் மொசைக். நேரம் போதாமல் பின்னணியில் ஒரு பகுதியை வெறுமனே விட்டிருக்கிறார், அதுவே கண்ணுக்கு இதமாகிவிட்டது. ஒரே அச்சுக்கல்லில் அடங்காத நீளம் என்பதால் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாக அச்சடித்து ஒட்டினார்கள். பெர்னாருக்குப் பிடித்துவிட்டது. ஜனவரி 1ல் ஒட்டினார்கள், படம் சேகரிக்கிறவர்கள் ராத்திரியில் பிளேடோடு வந்து சுவரிலிருந்து அறுத்துக்கொண்டு போனார்கள். பெர்னார் ஆறு வருட ஒப்பந்தம் போட்டார்.

நான் இதை முழுசாக நம்பவில்லை. இந்தக் கதை முக்கியமாக முகாவே சொன்னது, சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கும். 1890லேயே ஒரு நாடக உடை இதழுக்காகப் பெர்னாரைக் கிளியோபாட்ரா வேடத்தில் வரைந்திருக்கிறார், ஆகவே அந்த முகம் அவருக்குப் புதிதே இல்லை. மேடைக்குத் திரை எழுதிய கை, சுவருக்கு ஓவியம் எழுதிய கை, பத்திரிகைக்காரன் நாளைக்கு வேண்டும் என்றால் இன்றைக்குக் கொடுத்துப் பழகிய கை, எல்லாம் ஒரே கை. அதிர்ஷ்டம் என்றால் அது முப்பத்தி நாலாவது வயதில் வந்த அதிர்ஷ்டம்.

கணினி இல்லாத காலத்தில் இத்தனை வண்ணம் எப்படி?

கல்லச்சு. பவேரியாவில் கிடைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல்லை வழவழப்பாக்கி, அதன்மேல் எண்ணெய்ப் பசையுள்ள சாக்கால் வரைவார்கள், இட வலம் மாற்றி. பிசினும் கொஞ்சம் அமிலமும் கலந்து பூசியபின் கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, மொத்த வித்தையும் அவ்வளவுதான். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். எட்டு வண்ணம் என்றால் அதே தாள் எட்டு முறை அச்சுக்குள் போய் வர வேண்டும், ஒரு நூல் விலகினாலும் உதடு கன்னத்துக்கு வந்துவிடும். முகாவின் படங்களில் கறுப்புக் கோடு ஏன் அவ்வளவு தெளிவாக, வெளிக்கோடு ஏன் உள்கோட்டைவிடத் தடிமனாக இருக்கிறது என்பதற்கு அச்சு நன்றாக விழ வேண்டும் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்துக்கும் இந்த வித்தை அப்போதே வந்தாயிற்று. ரவி வர்மா பம்பாயில் கல்லச்சகம் தொடங்கியதும் இதே 1894ல்தான். பாரிஸில் நடிகை, பம்பாயில் லட்சுமியும் சரஸ்வதியும்.

எல்லாப் பெண்களும் ஒரே ஜாடையாக இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கூந்தல் சில படங்களில் கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த சேமியா மாதிரிகூட இருக்கும். ஆனால் அவர் சும்மா கற்பனையில் வரையவில்லை. ஸ்டூடியோவில் பெண்களைத் துணி போர்த்தி நிற்க வைத்துத் தானே புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைவார். முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள், துணி மடிப்பைப் பாருங்கள், ஒன்றுபோல இன்னொன்று இருக்காது. 'மேடியா' போஸ்டரில் (1898) கையில் சுற்றிய பாம்பு வளையல் ஒன்றை வரைந்தார். ஃபூகே என்ற நகைக்காரர் அதைத் தங்கத்தில் நிஜமாகவே செய்துவிட்டார். அப்புறம் அதே ஃபூகேயின் நகைக்கடையையே முழுதாக முகா வடிவமைத்துக் கொடுத்தார், 1901ல். அந்தக் கடையின் உட்புறம் இப்போது பாரிஸில் கார்னாவாலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பீருக்கும் பிஸ்கட்டுக்கும் வரைந்தவரைப் பெரிய ஓவியர் என்று சொல்லலாமா?

இதைக் கேட்ட நண்பர் அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவர், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொன்னேன். ஆமாம், ஷாம்பெய்னுக்கு வரைந்தார், சைக்கிளுக்கு வரைந்தார், சாக்லெட்டுக்கு, பீருக்கு, மொனாக்கோ ரயில் பயணத்துக்கு எல்லாம் வரைந்தார். அதோடு 'பருவங்கள்' (1896), 'மலர்கள்' (1898), 'கலைகள்' (1898) என்று எந்த விளம்பரமும் இல்லாத, வெறும் அலங்காரத்துக்கான படங்களை நான்கு நான்காகப் போட்டார். பெரிய ஓவியம் வாங்க வசதி இல்லாத வீட்டிலும் சுவரில் ஒரு நல்ல படம் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். காட்சிக்கூடத்துக்குப் போகாத சனங்களிடம் படம் தானாகப் போக வேண்டும் என்றால் அதற்கு அச்சு வேண்டும். எனக்கு இதில் கேவலம் எதுவும் தெரியவில்லை.

ஆர்ட் நூவோ என்றால் இதுதானா?

பெரும்பாலும். கொடி, வளைவு, பூ, கூந்தல். பாரிஸில் இதை 'முகா பாணி' என்றே சொன்னார்கள். 'ஆர்ட் நூவோ', அதாவது 'புதுக்கலை' என்ற பெயர் அவருக்குப் பிடிக்காது, கலையில் புதுசு பழசு ஏது என்பார்.

அப்புறம் என்ன ஆயிற்று? சாகும்வரை போஸ்டர்தானா?

இல்லை, எனக்குப் பிடித்த பகுதியும் சண்டை வருகிற பகுதியும் இதுதான். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் போஸ்னியா மண்டபத்துக்குச் சுவரோவியம் எழுதும் வேலை கிடைத்தது. கொடுத்தது ஆஸ்திரிய அரசு. அதற்காக பால்கன் நாடுகளில் சுற்றியபோது, தன் இனத்தை ஆண்டுகொண்டிருக்கும் அரசுக்காகவே அதே இனத்தின் இன்னொரு கிளையை அழகாக வரைந்து கொடுக்கிறோமே என்று உறுத்தியிருக்கிறது. ஸ்லாவிய மக்களின் (செக், ரஷ்யர், போஸ்னியர் எல்லாரும் அந்த இனம்தான்) வரலாற்றைப் பெரிதாக வரைய வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பணம்? 1904ல் அமெரிக்கா போனார். சீமான்களின் மனைவிகளை உருவப்படம் எழுதினால் காசு கொட்டும் என்ற கணக்கு சரியாக வரவில்லை, எண்ணெய் வண்ண உருவப்படத்தில் அவர் அவ்வளவு வேகமானவர் இல்லை. 1906ல் மருஷ்கா கித்திலோவாவைப் பிராக்கில் மணந்தார். மகள் யாரோஸ்லாவா 1909ல் நியூயார்க்கில் பிறந்தாள். கடைசியில் சிகாகோவின் சார்ல்ஸ் கிரேன் என்ற செல்வந்தர் செலவை ஏற்றுக்கொண்டார். 1910ல் ஊர் திரும்பி, ஸ்பிரோ என்ற பழைய கோட்டையில் இடம் எடுத்து வேலையை ஆரம்பித்தார். இருபது படங்கள். பெரியவை ஆறு மீட்டருக்கு எட்டு மீட்டர், அதாவது ஒரு கல்யாண மண்டப மேடையின் பின்சுவர் அளவு. பதினாறு வருடம். 'ஸ்லாவியக் காவியம்' என்று பெயர். 1928ல் கிரேனும் அவரும் சேர்ந்து பிராக் நகரத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நகரம் அதற்கென்று ஒரு கட்டடம் தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

வந்த பதில்: பழைய பாணி, காலம் கடந்தது. அதற்குள் உருவத்தைக் கட்டம் கட்டமாக உடைத்து வரையும் க்யூபிசமெல்லாம் வந்துவிட்டது, நாடும் சுதந்திரம் அடைந்துவிட்டது, விடுதலைக்கு ஏங்கும் படத்துக்கு அவசரம் போய்விட்டது. படங்களைச் சுருட்டி வைத்தார்கள், போரில் ஒளித்து வைத்தார்கள், 1963லிருந்து மொராவ்ஸ்கி க்ரும்லோவ் என்ற சின்ன ஊரின் கோட்டையில் காட்டினார்கள். 2012ல் பிராக்குக்கு வந்து, 2017ல் ஜப்பான் போய், குடும்பத்துக்கும் நகரத்துக்கும் வழக்கெல்லாம் நடந்து, 2021ல் மறுபடியும் அதே கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தன.

என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், ஆறு நாளில் வரைந்த ஜிஸ்மோண்டா பதினாறு வருடம் வரைந்த காவியத்தைவிட நல்ல படம். அவர் கேட்டால் வருத்தப்படுவார். ஆனால் காவியத்தில் ஒன்று மட்டும், ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்ததைப் பற்றிய படம், என்னை அசைத்துவிடும். விடுதலை வந்துவிட்டது என்று அறிவித்த பிறகும், பனிமூட்டத்தில் அந்த ஜனங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். 1913ல் ரஷ்யாவைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து வரைந்தது.

பணத்தாளிலும் அவர் படம் இருக்கிறதாமே?

அவர் முகம் இல்லை, அவர் வரைந்தது. 1918ல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்ததும் முதல் தபால்தலை, பணத்தாள்கள் எல்லாம் வரைந்து கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. 100 கொருனா தாளில் இருக்கும் ஸ்லாவியத் தாயின் முகம் கிரேனின் மகள் ஜோசஃபினுடையது. அதாவது சுதந்திர நாட்டின் நோட்டில் சிகாகோப் பெண்ணின் முகம். தபால்தலையில் பிராக் கோட்டைக்குப் பின்னால் சூரியன் உதிப்பதுபோல் போட்டார். அந்தப் பக்கம் சூரியன் மறையும், உதிக்காது என்று ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு வந்த பதிப்புகளில் சூரியனை எடுத்துவிட்டார்கள்.

எப்படி இறந்தார்?

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராக்கில் நுழைந்தது. முதலில் விசாரணைக்கு இழுத்துப் போகப்பட்டவர்களில் இவரும் ஒருவர், எழுபத்தெட்டு வயதுக் கிழவர், நிமோனியா வேறு. ஸ்லாவியர் ஸ்லாவியர் என்று வரைந்துகொண்டிருந்தவரை அவர்கள் விட்டுவைப்பார்களா? திருப்பி அனுப்பினார்கள், ஆனால் உடம்பு தேறவில்லை. ஜூலை 14ல், எழுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது இறந்தார். பிராக்கின் விஷெராட் கல்லறையில் இருக்கிறார்.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

பார்த்திருப்பீர்கள். 1963ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவர் படங்களைக் கண்காட்சி வைத்தார்கள், அதற்குப் பின் ஹிப்பிகள் பிடித்துக்கொண்டார்கள். 1966ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் மவுஸ், கெல்லி என்ற இருவர் ஒரு கச்சேரிப் போஸ்டருக்கு நம் மாடிப்படிப் பெண்ணையே எடுத்துக் கூந்தலுக்குப் பச்சை அடித்துவிட்டார்கள். ஜப்பானில் 1901லேயே ஒரு கவிதைப் பத்திரிகை அட்டையில் இவர் சாயல் வந்துவிட்டது. அங்கிருந்து மாங்கா சித்திரக்கதை, அனிமே கார்ட்டூன் வரை அந்த வட்டமும் கூந்தலும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஒசாகாவுக்குப் பக்கத்தில் சக்காய் நகரத்தில் இவருக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது.

நானும் ஒன்று அச்செடுத்து மாட்டலாமா?

தாராளமாக. இறந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நம் நாட்டில் காப்புரிமை ஓவியர் இறந்த பிறகு அறுபது வருடம்தான். நல்ல அளவில் படம் எடுங்கள், கைப்பேசியில் வந்ததை அப்படியே கொடுத்தால் கூந்தல் எல்லாம் படிக்கட்டாக உடைந்துவிடும். மினுமினுக்கிற தாள் வேண்டாம், மங்கலான மேட் தாள்தான் சரி. ஃபிளெக்ஸில் மட்டும் அடித்துவிடாதீர்கள். இன்னொன்று, ஜிஸ்மோண்டா மூன்று பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு அகலம். நான் முதல்முறை கொடுத்த கடையில் ஃப்ரேமுக்குப் பொருந்தவில்லை என்று அந்தப் பையன் என்னைக் கேட்காமலேயே படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டான். பெர்னார் பெருத்துப்போய், கையில் இருந்த குருத்தோலை வாழை இலை ஆகியிருந்தது. அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.